கடைசி வரிசை கேட்ட முதலை

ஆனைமடு என்ற குளத்தில் ஒரு முதலை இருந்தது. அதன் பெயர் பாறையப்பன். அது அசையாமல் கிடக்கும்போது, பாறை என்று நினைத்து ஆமைகள் அதன் மேல் ஏறி வெயில் காயும். அது பெரும்பாலும் அசையாமல்தான் கிடந்தது.

அந்தக் குளத்தில் மீன் அதிகம். வாயைத் திறந்து வைத்தால் போதும். தினமும் நாலைந்து மீன்கள் வழி தவறி உள்ளே வந்துவிடும். முப்பது வருஷம் இப்படியே போயிற்று. முதலைக்குக் கால்கள் இருந்தன. அவை எதற்கு என்பது மறந்துவிட்டது. வயிற்றைத் தண்ணீர் தாங்கிக்கொண்டது. தாங்க ஆள் இருக்கிறது என்று வயிறும் வளர்ந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. தை பிறக்கும்போதே குளம் பாதியாகிவிட்டது.

முதலை கரையில் நின்ற நீர்க்கோழியிடம் கேட்டது. "இந்தத் தண்ணி எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"பங்குனி வரைக்கும் தாங்கும். அப்புறம் சேறு. அப்புறம் அதுவும் இல்லை."

"வேற தண்ணி எங்கே இருக்கு?"

"மேற்கே ஆத்துல ஒரு பெரிய மடு இருக்கு. எந்தக் கோடையிலும் வத்தாது. அரை மைல் தூரம்தான். நான் பறந்து போயிடுவேன். நீங்க நடந்து போயிடலாம்."

"அரை மைலா!" என்றது முதலை.

அன்று சாயங்காலம் அது நடந்து பார்த்தது. கரையேறிப் பத்து அடி வைத்தது. பத்து அடியும் வயிறு தரையில் இழுபட்டது. அதற்கு மேல் மூச்சு வாங்கியது. அங்கேயே படுத்து இளைப்பாறிவிட்டு, அதே பத்து அடியைத் திரும்ப நடந்து தண்ணீருக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

வயிற்றைத் தூக்கி நடக்கப் பழகினால் ஆற்றுக்குப் போகலாம். பழகாவிட்டால் சேற்றோடு சேர்ந்து காய வேண்டியதுதான். இது முதலைக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

அந்தக் குளக்கரையில் தினமும் காலையில் ஓர் உடற்பயிற்சி வகுப்பு நடந்தது. நடத்தியது ஒரு நாரை. எல்லா விலங்குகளும் அதை மாஸ்டர் என்றே கூப்பிட்டன. மாஸ்டர் தண்ணீருக்கு முதுகு காட்டி ஒற்றைக் காலில் நிற்கும். அதைப் பார்த்தபடி ஒன்பது மாணவர்கள் மூன்று வரிசையாக நிற்கும். சிறுத்தை துரத்தினால் ஓடுவதற்கு உடம்பு வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தவை அவை.

முன் வரிசையின் நடுவில் நிற்பது கொம்பையா என்ற காட்டுப்பன்றி. மூன்று வருஷமாக அதற்கு அதே இடம். இரண்டாம் வரிசையில் ஒரு புள்ளிமான். கடைசி வரிசையின் ஓரத்தில் செவ்வந்தி என்ற முயல். மயில், கீரி, மந்தி என்று மற்றவை இடையிடையே நின்றன.

முதலை தயங்கித் தயங்கி மாஸ்டரிடம் போயிற்று.

"மாஸ்டர், நானும் சேரலாமா?"

"வயசு?"

"அறுபது இருக்கும்."

"இதுக்கு முன்னாடி பயிற்சி ஏதாவது?"

"மிதந்திருக்கேன்."

மாஸ்டர் அதைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. "இங்கே ஒரே ஒரு விதிதான். வகுப்பு நேரத்துல யாரும் யாரையும் தின்னக் கூடாது."

"நான் மீன்தான் சாப்பிடுவேன், மாஸ்டர்."

"நானும் மீன்தான் சாப்பிடுறேன். மீன் யாரும் இங்கே சேரலை. நாளைக்கு வா."

மறுநாள் முதலை வந்தது. முன் வரிசையில் இடம் இருந்தது. முதலைக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. தெரிந்தவர்கள் முன்னால் நிற்க வேண்டும், தெரியாதவர்கள் பின்னால் நிற்க வேண்டும் என்று அது நினைத்தது. ஊர்ந்து ஊர்ந்து கடைசி வரிசைக்குப் போய் முயலின் பக்கத்தில் நின்றது.

வகுப்பில் தனக்கு முன்பே சேர்ந்தவர்களை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்றும் அது நினைத்தது. முயலுக்கு வயது இரண்டு. ஆனால் வகுப்பில் அது ஒரு வருஷம் மூத்தது.

"வணக்கம், அக்கா! நான் புதுசு. உங்க பக்கத்துல நிக்கலாமா?"

 முயலின் காதுகள் இரண்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டன.

'புதுசுன்னதும் பேச மாட்டேங்கிறாங்க' என்று முதலை நினைத்துக்கொண்டது.

"வலது கால் தூக்கு!" என்றது மாஸ்டர். "ஒண்ணு, ரெண்டு, மூணு!"

முதலை இடது காலைத் தூக்கியது. அக்கம்பக்கம் பார்த்துத் திருத்திக்கொண்டு வலது காலைத் தூக்கியது. அதற்குள் வகுப்பு இடது காலுக்குப் போய்விட்டது. அன்று முழுவதும் அது வகுப்புக்கு ஒரு கால் பின்னாலேயே இருந்தது.

"வயிறு தூக்கு!"

முதலை முக்கியது. வயிறு வரவில்லை.

தலையை நிமிர்த்திப் பார்த்தது. வகுப்பே திரும்பி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பன்றி ஒரு காலைத் தூக்கியபடி பார்த்தது. மான் கழுத்தை முழுவதும் பின்னால் வளைத்துப் பார்த்தது. மாஸ்டரைப் பார்க்க ஒருவரும் இல்லை.

முதலைக்குத் தோல் கூசியது. அதன் தோல் தடிமனானது. ஆனாலும் கூசியது. 'என் வயித்தைத்தான் பார்க்கிறாங்க!'

இரண்டாம் நாள் முயல் விடியும் முன்பே வந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் நான்காவதாக ஒரு வரிசையைத் தானே தொடங்கி நின்றுகொண்டது. அடுத்து வந்த மான் அதைப் பார்த்தது. அதற்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. முயலுக்குப் பின்னால் போய் நின்றது. பிறகு கீரி வந்தது. பிறகு பன்றி.

"என்ன அண்ணே, இங்கே வந்துட்டீங்க?" என்று முயல் கேட்டது. "உங்க இடம் முன் வரிசையாச்சே!"

"முன்னாடி வெயில் கண்ணுல அடிக்குது."

"இன்னிக்கு மேகமூட்டமா இருக்கே?"

"மேகமும் அடிக்குது" என்றது பன்றி.

முதலை வந்து பார்த்தது. நேற்று கடைசி வரிசையாக இருந்த இடம் இன்று முதல் வரிசையாகிவிட்டது. அதில் யாரும் இல்லை.

'என்னை முன்னாடி விட்டுட்டு வேடிக்கை பார்க்கப் போறாங்க' என்று அது நினைத்தது. எல்லாரையும் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் நின்றது.

மாஸ்டர் எண்ண ஆரம்பித்தது. எட்டு எண்ணி முடிப்பதற்குள் மான் பக்கவாட்டில் அடி வைத்து முதலைக்குப் பின்னால் போய்விட்டது. பயிற்சியின் ஒரு பகுதி போலவே அதைச் செய்தது. கீரியும் அப்படியே செய்தது. முதலை வெட்கத்தோடு இன்னும் பின்னால் நகர்ந்தது.

"நீங்க முன்னாடி நில்லுங்க" என்றது பன்றி.

"ஐயோ, நான் புதுசு. நீங்க நில்லுங்க, அண்ணே."

"பரவாயில்லை, நீங்க நில்லுங்க."

"மரியாதையா இருக்காது."

"எங்களுக்கு மரியாதையெல்லாம் வேண்டாம்" என்றது பன்றி. 

வகுப்பு முடிந்தபோது எல்லாமே நாற்பது அடி மேற்கே நின்றுகொண்டிருந்தன. மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. வரிசை எங்கே இருக்கிறதோ அதற்கு எதிரில் நிற்பது மாஸ்டரின் வழக்கம். அதுவும் நாற்பது அடி நடந்து வந்து நின்றது.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. முதலைக்குக் கடைசி வரிசை வேண்டும். மற்ற ஒன்பதுக்கும் முதலையின் பின் வரிசை வேண்டும். வகுப்பு நாளுக்கு நாற்பது அடி பின்னால் போயிற்று. குளக்கரையைத் தாண்டியது. புல்வெளியைத் தாண்டியது. கற்கள் நிறைந்த மேட்டில் ஏறத் தொடங்கியது.

வகுப்பை விட்டு நின்றுவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. நின்றால் பயந்துவிட்டதாகப் பேச்சு வரும்.

"அதுகிட்டயே நேரா சொல்லிட்டா என்ன?" என்று ஒரு நாள் கீரி கேட்டது.

"என்னன்னு சொல்லுவே? உன்னைப் பார்த்தா பயமா இருக்குன்னா?" என்றது மான். "நாம பயப்படுறது தெரிஞ்சா அதுக்குப் பசி வந்துடும். பேசாம இரு!"

மாசி மாதம் மாஸ்டர் புதிய பயிற்சி ஒன்றைத் தொடங்கியது.

"வாயை நல்லாத் திற! மூச்சை வெளியே விடு!"

மற்றவை பாதி வாய் திறந்தன. புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் சொன்னதை முழுவதும் செய்வார்கள். முதலை தன் வாயை முழுவதும் திறந்தது. அறுபதுக்கு மேற்பட்ட பற்கள் காலை வெயிலில் மின்னின. "ஹாஆ!" என்று மூச்சு விட்டது.

மான் இரண்டு மயில்களைத் தாண்டிக் குதித்து ஓடிவிட்டது. மந்தி மரத்தில் ஏறிவிட்டது. முயல் நின்ற இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. குழிக்குள் முயல் இருந்தது.

முதலை வாயை மெதுவாக மூடிக்கொண்டது. 'வாய் நாறுது போல' என்று நினைத்தது.

மறுநாள் அது வரும் வழியில் காட்டுத் துளசியைக் கொத்துக் கொத்தாகப் பறித்து மென்றுகொண்டே வந்தது. அன்று காற்று முதலையின் பக்கமிருந்து வீசியது. முயல் மூக்கைச் சுளித்து முகர்ந்தது.

"அண்ணே!" என்று பன்றியிடம் கிசுகிசுத்தது. "இன்னிக்கு மசாலா தடவிக்கிட்டு வந்திருக்கு!"

அன்று வகுப்பு எண்பது அடி பின்னால் போயிற்று.

இதற்கிடையே ஒன்று நடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. முதலையின் குளம் அதே இடத்தில் இருந்தது. வகுப்பு மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஆகவே முதலை தினமும் நேற்றைவிட நாற்பது அடி அதிகம் நடந்து வந்தது. வகுப்பு முடிந்ததும் அதே தூரம் திரும்பிப் போயிற்று. மாசி நடுவில் அதன் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி வந்தது. மாசி முடிவில் நாலு விரல் இடைவெளி வந்தது. முதலைக்கு அது தெரியாது. படுத்தபடி தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ள முதலையால் முடியாது. வகுப்பில் இன்னும் எட்டு எண்ணும் வரை ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்தது.

பங்குனி முதல் வாரத்தில் வகுப்பு ஒரு நாணல் புதரில் போய் முட்டியது. அதற்கு மேல் பின்னால் போக இடமில்லை. பத்துப் பேரும் நெருக்கியடித்து நிற்க வேண்டியதாயிற்று.

நாலாம் நாள், "இடது பக்கம் திரும்பு!" என்றது மாஸ்டர்.

முதலை வலது பக்கம் திரும்பியது. அதன் வால் இடது பக்கம் வீசியது. வாலின் வழியில் பன்றியின் நான்கு கால்களும் இருந்தன. பன்றி தொப்பென்று விழுந்தது.

எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றன. 

பன்றி எழுந்தது. மண்ணைத் தட்டிக்கொண்டது. "மன்னிச்சுக்கோங்க" என்று முதலையிடம் சொன்னது. "என் கால் உங்க வால்ல பட்டுடுச்சு. வலிக்குதா?"

பன்றி உயிருக்குப் பயந்து அப்படிச் சொன்னது. முதலைக்கோ அது குத்திக்காட்டுவதாகப் பட்டது. 'திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை' என்று நினைத்தது. வகுப்பு முடியும் வரைகூட நிற்காமல் திரும்பி நடந்தது. மேட்டைத் தாண்டி, புல்வெளியைத் தாண்டி, வீடு போய்ச் சேர்ந்தது. குளத்தில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. அதில் இறங்கிப் படுத்துக்கொண்டது.

மறுநாள் அது வகுப்புக்குப் போகவில்லை.

அன்று காலை ஒன்பது மாணவர்களும் பழையபடி மூன்று வரிசையாக நின்றன. பன்றி முன் வரிசையின் நடுவில் நின்றது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

"ஒண்ணு!" என்றது மாஸ்டர்.

"அது எங்கே?" என்று மான் கேட்டது.

"வரலை" என்றது பன்றி சந்தோஷமாக.

"அது தெரியுது. வரலைன்னா இப்போ எங்கே இருக்கு?"

 பன்றியின் நெஞ்சு கொஞ்சம் இறங்கியது.

"இத்தனை நாள் கண்ணுக்கு முன்னாடி இருந்துச்சு" என்றது மான். "இப்போ எங்கே வேணும்னாலும் இருக்கலாம். பின்னாடி நாணல்ல இருக்கலாம். இந்தப் பக்கம் இருக்கலாம்."

ஒன்பதும் ஒரே நேரத்தில் நாணல் புதரைத் திரும்பிப் பார்த்தன. நாணலில் ஒரு சருகு சரசரத்தது. அது ஓர் ஓணான். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள யாரும் அங்கே நிற்கவில்லை.

அடுத்த நாள் வகுப்புக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். பன்றி, மான், முயல். மற்ற ஆறும் வெளியே தலைகாட்டவே இல்லை.

"போய் அதைக் கூட்டிட்டு வாங்க" என்றது மாஸ்டர். "வகுப்புல இருந்தா, எங்கே இருக்குன்னாவது தெரியும்."

மூன்றும் கிளம்பின. ஆனைமடுவுக்கு வந்தபோது அங்கே குளம் இல்லை. வெறும் சேறு இருந்தது. ஓரங்களில் அதுவும் வெடித்திருந்தது. நடுவில் ஒரு பாறை கிடந்தது. முதலையைக் காணவில்லை.

"மேலே ஏறிப் பார்த்தா தெரியும்" என்று பன்றி பாறையின் மேல் ஏறியது.

"வாங்க, அண்ணே" என்றது பாறை.

பன்றி எப்படி இறங்கியது என்று அதற்கே பிற்பாடு நினைவில்லை.

மூன்றும் பாதுகாப்பான தூரத்தில் வரிசையாக நின்றன. மான் தொண்டையைச் செருமிக்கொண்டது. "நீங்க வகுப்புக்கு வரணும். நீங்க இல்லாம எங்களால நிம்மதியா நிக்கவே முடியலை."

"வேண்டாம், அக்கா" என்றது முதலை. சேறு அதன் முகத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. "என்னால எல்லாருக்கும் சங்கடம். ரெண்டு மாசமாச்சு. இன்னும் இடது எது வலது எதுன்னு வரலை. வயிறு இழுபடுது. வர்றப்ப எல்லாம் எல்லாரும் என் வயித்தையே பார்க்கிறீங்க. நான் வந்து நின்னா ஆளாளுக்குத் தள்ளிப் போறீங்க. எனக்குப் புரியுது. நான் இங்கேயே கிடந்துடறேன்."

"இங்கே தண்ணியே இல்லையே?" என்றது மான்.

"ஆமா. நாளைக்குச் சேறும் காஞ்சிடும். அது என் பாடு. நீங்க போங்க."

சொல்லிவிட்டு முதலை கண்ணை மூடிக்கொண்டது. அது விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதன் முதுகுத் தோல் வெயிலில் வெள்ளை வெள்ளையாகப் பிளக்கத் தொடங்கியிருந்தது.

முயலுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

"உங்க வயித்தை யாரு பார்த்தா! உங்க பல்லைத்தான் பார்த்தோம்!"

மான் முயலின் காலை மிதித்தது. அதற்குள் சொல்லியாகிவிட்டது.

முதலை கண்ணைத் திறந்தது. "என் பல்லையா?"

"ஆமா!"

"பல்லுக்கு என்ன?"

"நிறைய இருக்கு!"

 முதலை கேட்டது. "அப்போ நான் கால் மாத்தித் தூக்கினது?"

"தூக்கினீங்களா?" என்றது மான். "உங்களுக்கு நாலு கால் இருக்குன்னே நான் இப்பத்தான் கவனிக்கிறேன்."

"இடது வலது எனக்கே தெரியாது" என்றது பன்றி. எல்லாரும் உண்மை பேசுகிறார்கள் என்று அதற்கும் தைரியம் வந்துவிட்டது. "மூணு வருஷமா பக்கத்துல நிக்கிறவரைப் பார்த்துத்தான் செய்யறேன். பக்கத்துல நிக்கிறது மயில். அது என்னைப் பார்த்துச் செய்யுது."

"அந்த மூச்சு விடற பயிற்சியிலே எல்லாரும் ஓடினீங்களே?"

"எங்களைத் தின்னப் போறீங்கன்னு நினைச்சோம்."

"நான் வாய் நாறுதுன்னு நினைச்சேன்."

"நாறத்தான் செஞ்சது" என்றது முயல். "ஆனா அந்த நேரத்துல அது பெரிசாப் படலை."

முதலையின் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றும் அதைக் கவனமாகப் பார்த்தன. நம்புவதா வேண்டாமா என்று எந்த முடிவுக்கும் வரவில்லை.

"சரி, வர்றேன்" என்றது முதலை. ஆனால் அதனால் எழுந்திருக்க முடியவில்லை. சேறு வயிற்றைக் கவ்விப் பிடித்திருந்தது. இரண்டு முறை முயன்றது. இரண்டு முறையும் திரும்ப அமர்ந்துவிட்டது.

மூன்றும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. விட்டுவிட்டுப் போய்விடலாம். யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. முதலை எங்கே இருக்கிறது என்பதும் இனி எப்போதும் தெரிந்திருக்கும்.

பன்றி மாஸ்டரின் குரலில் கத்தியது. "கால் ஊன்று! வயிறு தூக்கு! ஒண்ணு!"

"ரெண்டு!" என்றது மான்.

"மூணு!" என்று முயல் சேர்ந்துகொண்டது.

எட்டு எண்ணியபோது சேறு 'பொளக்' என்று விட்டது. முதலை நான்கு கால்களில் நின்றது.

"நான் முன்னாடி நடக்கட்டுமா?" என்று கேட்டது.

"நடங்க!" என்றன மூன்றும் ஒரே குரலில்.

முதலை முன்னால் நடந்தது. அன்று அதற்குப் பின்னால் யார் வருகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்ற கவலை இல்லை. பல்லைப் பார்க்க முடியாத இடத்தில்தான் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். புல்வெளி தாண்டும்போது பன்றி பின்னாலிருந்து கூப்பிட்டது.

"பாறையப்பண்ணே! உங்க வயிறு தரையில படவே இல்லையே!"

"கிண்டல் பண்ணாதீங்க, அண்ணே."

"கிண்டல் இல்லை. அடியில அந்தப் பக்கம் தெரியுது. செவ்வந்தி குனியாமலே நுழைஞ்சு போகலாம்."

"நான் போக மாட்டேன்" என்றது முயல்.

மேட்டில் ஏறும்போது முதலை நான்கு முறை நின்றது. வெயில் ஏறிவிட்டது. காய்ந்த சேறு முதுகிலிருந்து ஓடு ஓடாக உதிர்ந்தது. மேட்டைத் தாண்டி இறங்கி, வகுப்பு நடக்கும் நாணல் ஓரத்துக்கு வந்ததும் அது அப்படியே படுத்துவிட்டது. மாஸ்டர் ஒற்றைக் காலில் நின்றபடி காத்துக்கொண்டிருந்தது.

முயல் கொஞ்சம் கிட்டே வந்தது. இரண்டு மாதத்தில் முதன்முறையாக அது முதலையிடம் தானாக ஒரு கேள்வி கேட்டது.

"ஆமா, நீங்க எதுக்கு இந்த வகுப்புல சேர்ந்தீங்க? உங்களைத் துரத்தறவங்க யாரும் இல்லையே?"

"மேற்கே ஆத்துல ஒரு பெரிய மடு இருக்காம், அக்கா" என்றது முதலை. மூச்சு விட்டு விட்டுப் பேசியது. "அங்கே போய்ச் சேரணும். அரை மைல் நடக்கணும். அந்த அளவுக்கு உடம்பு தேறினதும் கிளம்பலாம்னு இருந்தேன். தேறவே இல்லை."

முயல் மானைப் பார்த்தது. மான் பன்றியைப் பார்த்தது. பன்றி நாணலுக்குள் மூக்கை விட்டு இரண்டு பக்கமும் விலக்கியது.

"இந்த மடுவா?"

நாணலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருந்தது. பச்சையாக, ஆழமாக, அகலமாக இருந்தது. ஒரு மீன் துள்ளி விழுந்தது.

முதலை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "இது எப்போ இங்கே வந்துச்சு?"

"அது இங்கேயேதான் இருக்கு. நாமதான் வந்தோம்."

"நான் வகுப்புக்குத்தானே வந்தேன்!"

"நாலு நாள் இந்தப் புதர் வரைக்கும் வந்துட்டு, திரும்ப அந்தச் சேத்துக்குப் போயிருக்கீங்க!" என்றது பன்றி. "நாங்க வகுப்பு முடிஞ்சதும் தினமும் இங்கேதான் தண்ணி குடிக்கிறோம்."

"யாரும் என்கிட்ட சொல்லலையே?"

"நீங்க யார்கிட்டயும் கேக்கலையே!"

"எனக்குக் கூச்சமா இருந்துச்சு" என்றது முதலை.

"எங்களுக்குப் பயமா இருந்துச்சு" என்றது முயல்.

 முதலை எழுந்தது. யாரும் எண்ணவில்லை. தானாகவே எழுந்தது. நாணலை விலக்கிக்கொண்டு சரிவில் இறங்கியது.

"ஒரு நிமிஷம்" என்று மான் மெதுவாகச் சொன்னது. "நாம தண்ணி குடிக்கிற இடத்துக்கு, நாமளே போய் ஒரு முதலையைக் கூட்டிட்டு வந்திருக்கோம்."

மூன்றும் ஓர் அடி பின்வாங்கின. 'மீன்தான் சாப்பிடுமாம்' என்று பன்றி முணுமுணுத்தது. அப்படித்தான் இருந்தது என்று பின்னால் தெரிய வந்தது. அன்று அது யாருக்கும் நிச்சயமில்லை.

முதலை தண்ணீரில் இறங்கியது. முதலில் கால்கள் நனைந்தன. பிறகு வயிறு நனைந்தது. அரை மைல் தூரம் தானே சுமந்து வந்த வயிற்றை அது தண்ணீரிடம் கொடுத்தது. வெடித்த தோல் குளிர்ந்தது. ஒரு முறை முழுகி, கண்களை மட்டும் வெளியே நீட்டிக் கரையைப் பார்த்தது.

கரையில் பன்றியும் மானும் முயலும் மாஸ்டரும் நின்று அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன.

'பார்த்துட்டுப் போகட்டும்' என்று முதலை நீந்தப் போயிற்று.

நம்மைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் பார்க்க அவரவர் காரணம் உண்டு, அது நாம் கூசுகிற காரணமாக இருப்பது அபூர்வம், ஆகவே புதிய இடத்தில் கூச்சத்தை ஒதுக்கிவிட்டுத் தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கிறவரே சீக்கிரம் போய்ச் சேருவார்.